எல்லை கடக்கும் மென்பொருள்: மறுவிற்பனையின் சட்டமும் அறமும்

சிட்னியில் ஒருவரும் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவரும் ஒரே நிரலை ஒரே நொடியில் இணையத்தின்வழி இறக்கிக்கொள்கின்றனர். கப்பற்கூலி இல்லை, கிடங்கு வாடகை இல்லை, கடைக்காரர் பங்கும் இல்லை. ஆயினும் சிட்னிக்காரர் கொடுத்த விலை நெடுங்காலம் மிகுதியாகவே இருந்தது. 2013 மார்ச்சில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று ஆப்பிள், அடோபி, மைக்ரோசாப்ட் நிறுவனங்களின் பொறுப்பாளர்களை நேரில் அழைத்து இதற்கு விளக்கம் கேட்டது. அவ்வாண்டு சூலையில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, தொழில்முறை மென்பொருளுக்கு ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 50 விழுக்காடும், கணினி விளையாட்டுகளுக்கு 80 விழுக்காட்டுக்கு மேலும் கூடுதலாகக் கொடுப்பதைப் பதிவுசெய்தது. 'சாய்ஸ்' என்னும் நுகர்வோர் அமைப்போ, மைக்ரோசாப்டின் நிரலாக்கக் கருவித் தொகுப்பு ஒன்றை எடுத்துக்காட்டி, ஊதியம் கொடுத்து ஓர் ஆளை அமெரிக்காவுக்கு வானூர்தியில் அனுப்பி வாங்கிவரச் சொன்னாலும் உள்ளூர் விலையைவிடச் செலவு குறையும் என்று கணக்குக் காட்டியது.

இந்த இடைவெளியில் ஒரு வணிகர் நுழைகிறார். விலை குறைந்த நாட்டில் உண்மையான படியை உரிய விலை கொடுத்து வாங்கி, விலை மிகுந்த நாட்டில் உள்ளூர் விலைக்குக் கீழே விற்கிறார். அவர் கள்ளப்படி எடுக்கவில்லை. ஆக்கியோனுக்குச் சேரவேண்டிய தொகை முதல் விற்பனையிலேயே சேர்ந்துவிட்டது. இதனை இணை இறக்குமதி என்பர். இது நேர்மையான வணிகமா, உரிமை மீறலா என்னும் வினாவுக்கு நாடுகள் ஒருமித்த விடை தரவில்லை. அவை ஏன் பிரிகின்றன என்று ஆராய்ந்தால், சட்டம் எங்கே அறத்தோடு ஒட்டி நிற்கிறது, எங்கே விலகுகிறது என்பதும் விளங்கும்.

விலை வேறுபாட்டின் வேர்

மென்பொருளின் பொருளியல் மற்றப் பண்டங்களின் பொருளியலிலிருந்து ஓரிடத்தில் பிரிகிறது. முதற்படியை ஆக்குவதற்குப் பொறியாளர் பலரின் பல்லாண்டு உழைப்பு வேண்டும்; இரண்டாம் படிக்குச் சிறிது மின்னாற்றலும் சில நொடிகளும் போதும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் அடக்கவிலை கண்டு, அதன்மேல் ஆதாயம் சேர்த்து விலை வகுக்க வழியில்லை. முதற்படியின் பெருஞ்செலவை யாரிடமிருந்து எவ்வளவு மீட்பது என்பதே விலைக்கணக்கு ஆகிவிடுகிறது. எல்லார்க்கும் ஒரே விலை வைத்தால், அது உயர்ந்ததாயின் எளியோர் விலகுவர். தாழ்ந்ததாயின் முதலீடு மீளாது. வாங்குவோரைப் பிரிவு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவினருக்கும் அவர்தம் வாங்கும் திறனுக்கேற்ற விலை வைத்தால் வருவாயும் பெருகும்; பயனாளரும் பெருகுவர். ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நலப்பொருளியல் நூலில் விலைப் பாகுபாட்டை மூன்று வகையாகப் பிரித்தார். நாட்டுக்கு நாடு மாறும் மென்பொருள் விலையும் மாணவர்க்கான சலுகை விலையும் அவர் கூறிய மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

இவ்வமைப்பு நிலைக்க ஒரு வேலி வேண்டும். மலிவாக வாங்கியவர் வேலி தாண்டி விற்கத் தொடங்கினால் இரண்டு விலைகள் ஒன்றாகிவிடும். வேலி கட்டும் கலை மென்பொருளுக்கு முற்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்யுயி, தொடர்வண்டிகளில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாததன் உள்நோக்கை 1849இலேயே எடுத்துரைத்தார். கூரைக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஏழைகளை வருத்துவதும் நோக்கமன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க வல்லவர் மூன்றாம் வகுப்பில் ஏறாமல் தடுப்பதே நோக்கம் என்றார் அவர்.

கணினித் தொழில் இப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டது. 1990இல் ஐபிஎம் நிறுவனம் நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் தன் லேசர் அச்சுப்பொறிக்கு மலிவுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. இரண்டும் ஒரே பொறிதான்; மலிவுப் பதிப்பில் அச்சிடும் வேகத்தை நிமிடத்துக்கு ஐந்து பக்கமாகக் குறைக்கும் ஏற்பாடு கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. குறைந்த விலைக்கு விற்பதற்காகவே பொருளின்மேல் கூடுதல் வேலை செய்தனர். 2004இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கும் பின்னர் இந்தியா, ரஷ்யா முதலியவற்றுக்கும் மைக்ரோசாப்ட் தந்த விண்டோஸ் எக்ஸ்பி தொடக்கப் பதிப்பும் இம்மரபினதே. அதில் ஒரே வேளையில் மூன்று செயலிகளுக்கு மேல் இயக்க முடியாது. நான்காவதைத் திறக்க முயன்றால், முன்பு திறந்தவற்றுள் ஒன்றை மூடுமாறு கணினி சொல்லும். கணினிக்கு ஆற்றல் இல்லாமலன்று. அப்பதிப்பு வேலி தாண்டிச் சென்றாலும் செல்வ நாட்டார் அதை விரும்பக் கூடாது என்பதற்காகவே அந்த வரம்பு.

பொருளைக் குறைப்பதோடு, பொருளைக் கட்டிவைக்கும் வேலிகளும் உண்டு. இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் கொண்ட திறவுக்குறி, அதனை நிறுவனத்தின் வழங்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் செயலாக்க முறை, புதுக்கணினியின் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்ட உரிமம், இணைய முகவரியைக் கொண்டு நாட்டை அறியும் தடுப்பு என அவை பலவகை. இவை வெல்லாத இடத்தில் சட்டத்தை வேலியாக்க முயல்கின்றனர். அங்கேதான் வழக்குகள் எழுகின்றன.

உரிமை எங்கே தீர்கிறது

பதிப்புரிமை உடையவர் ஒரு படியை ஒருமுறை விற்றபின், அந்தப் படியின் அடுத்த பயணத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை அவருக்குத் தீர்ந்துபோகிறது. படியெடுக்கும் உரிமை அவரிடமே இருக்கும். விற்ற படியைப் பின்தொடரும் உரிமை இராது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை நிலைநாட்டியது. பாப்ஸ் மெரில் பதிப்பகம் தன் புதினம் ஒன்றை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கலாகாது என்று நூலிலேயே அச்சிட்டிருந்தது. மேசி பெருங்கடை அதனை 89 காசுக்கு விற்றது. அச்சிட்ட அறிவிப்பு, விலை கொடுத்து வாங்கியவரின் கையைக் கட்டாது என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே அக்கொள்கை சட்டநூலிலும் ஏறியது.

ஆனால் ஒரு நாட்டில் விற்றால் எல்லா நாடுகளிலும் உரிமை தீருமா? 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு, தன் ஆறாம் பிரிவில் இந்த வினாவை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. அதன் விளைவாக மூன்று நெறிகள் உலகில் நிலவுகின்றன. உலகில் எங்கே விற்றாலும் உரிமை தீரும் என்பது ஒன்று; நியூசிலாந்து 1998இல் இணை இறக்குமதித் தடையை நீக்கி இப்பக்கம் வந்தது; ஆஸ்திரேலியா 2003இல் மென்பொருளுக்கு இதனை ஏற்றது. உள்நாட்டில் விற்றால் மட்டுமே தீரும் என்பது மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியம் இடைவழியைக் கொண்டது: ஒன்றியத்தோடு இணைந்த பொருளியல் பரப்புக்குள் விற்றால் அப்பரப்பெங்கும் தீரும், வெளியே விற்றால் தீராது.

அமெரிக்கா எப்பக்கம் என்பது ஒரு மாணவரின் வழக்கில் தெளிந்தது. கணிதம் பயிலத் தாய்லாந்திலிருந்து சென்ற சுபாப் கிர்ட்சாங், வைலி பதிப்பகத்தின் ஆசியப் பதிப்புப் பாடநூல்களைத் தாய்நாட்டிலுள்ள உறவினர், நண்பர் வாயிலாக வாங்கி ஈபே தளத்தில் விற்றார். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே; விலையோ மிகக் குறைவு. நடுவர் குழு அவர்மீது எட்டு நூல்களுக்கும் சேர்த்து ஆறு இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. 2013 மார்ச்சு 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதனைத் தள்ளியது. உரிமையாளரின் இசைவோடு எந்நாட்டில் அச்சிட்ட படியாயினும், அதனை உரிமையோடு வாங்கியவர் அமெரிக்காவில் மறுவிற்பனை செய்யலாம் என்பது தீர்ப்பு.

வாங்கினோமா, இசைவு பெற்றோமா

நூலுக்குத் திறந்த அக்கதவு மென்பொருளுக்கும் திறந்திருக்கும் என்று கருதுவது இயல்பு. அங்கே மற்றொரு பூட்டு இருந்தது. மறுவிற்பனை உரிமை, படிக்கு உடைமையாளர் ஆனவருக்கே உண்டு. மென்பொருள் நிறுவனங்களோ, தாம் எவருக்கும் படியை விற்பதில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதின. உரிமம் பெற்றவர் உடைமையாளர் அல்லர். உடைமையாளர் அல்லாதவர் விற்கவும் இயலாது.

வெர்னர் வழக்கு இதனைக் கூர்மையாகக் காட்டுகிறது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் வரைகலை மென்பொருளின் 14ஆம் பதிப்புப் படிகளைக் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்று பெற்றிருந்தது. புதிய பதிப்பின் உரிமம் 3,750 டாலர். பழையதை வைத்திருப்போர் மேம்படுத்திக்கொள்ள 495 டாலர் போதும். அந்நிறுவனம் குறைந்த தொகையைச் செலுத்திப் புதியதைப் பெற்றது. உடன்பாட்டின்படி பழைய வட்டுகளை அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. 2007இல் அலுவலகப் பொருள்களைக் கழித்து விற்றபோது அவ்வட்டுகளில் நான்கைத் திமோதி வெர்னர் என்னும் இணைய வணிகர் வாங்கினார்; செயலாக்கக் குறிகளைக் கையால் எழுதிய தாள்களும் உடன்வந்தன. அவர் அவற்றை ஈபேயில் விற்கவே வழக்கு எழுந்தது. 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வகுத்தது. ஒப்பந்தம் தன்னை உரிமம் என்று கூறுகிறதா, கைமாற்றுவதைப் பெரிதும் தடுக்கிறதா, பயன்பாட்டுக்குக் குறிப்பிடத்தக்க வரம்புகள் விதிக்கிறதா? மூன்றும் பொருந்தின், பெற்றவர் உடைமையாளர் அல்லர். அவரிடமிருந்து வாங்கியவரும் அல்லர். வழக்கறிஞர் எழுதும் சில வரிகளால் மறுவிற்பனையை முற்றிலும் அடைக்கலாம் என்பதே இதன் நடைமுறைப் பயன்.

ஐரோப்பா வேறு வழி சென்றது. கணினியோடு இணைத்து விற்பதற்கென்றே தந்த விண்டோஸ் படிகளைத் தனியே விற்றதை, 2000ஆம் ஆண்டிலேயே செருமானியக் கூட்டாட்சி நீதிமன்றம் தடுக்க மறுத்தது. அதைவிடப் பெரிய திருப்பம் 2012 சூலை 3 அன்று வந்தது. பயன்படுத்திய உரிமங்களை வாங்கி விற்கும் யூஸ்டுசாப்ட் என்னும் செருமானிய நிறுவனத்தின்மீது ஆரக்கிள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பெயரை விட்டுப் பொருளைப் பார்த்தது. ஒருமுறை பணம் பெற்றுக்கொண்டு கால வரம்பின்றிப் பயன்படுத்தும் உரிமை கொடுத்தால், ஒப்பந்தம் அதனை எவ்வாறு அழைத்தாலும் அது விற்பனையே. வட்டில் தந்தாலும் இணையவழி இறக்கினாலும் வேறுபாடு இல்லை என்றது. உடனே இரண்டு வரம்புகளையும் வைத்தது. விற்பவர் தம் கணினியிலுள்ள படியை விற்கும் நேரத்தில் பயனற்றதாக்க வேண்டும். கூட்டாகப் பெற்ற உரிமத்தைப் பிரித்து விற்கக் கூடாது: ஆரக்கிள் உரிமம் 25 பயனர் கொண்ட தொகுதியாயின், தனக்கு வேண்டாத பயனர் எண்ணிக்கையை மட்டும் கழற்றி விற்பது முறையாகாது.

இந்த வரம்புகளில்தான் தீர்ப்பின் அறிவியல் நுட்பம் இருக்கிறது. நூல் கைமாறினால் ஒருவர் கையை விட்டு மற்றவர் கைக்குப் போகும். மென்பொருள் கைமாறினால் இருவர் கையிலும் இருக்கக்கூடும். படி ஒன்றாகவே இருக்கிறது என்பதை நூலுக்கு இயற்கை உறுதி செய்கிறது. மென்பொருளுக்குச் சட்டமும் நுட்பமும் உறுதி செய்ய வேண்டும். ஆனால் ஒன்றிய எல்லைக்கு வெளியே முதலில் விற்ற படிக்கு இத்தீர்ப்பு புகலிடம் தராது. ஆசிய விலையில் வாங்கியதை பெர்லினில் விற்பவர் இன்னும் சட்டத்தின் வெளியிலேயே நிற்கிறார். ஒன்றியத்துக்குள் வேலி கட்டுவதையோ ஐரோப்பிய ஆணையம் பொறுப்பதில்லை. போலந்து, செக், அங்கேரி, பால்டிக் நாடுகள் முதலியவற்றில் விற்ற விளையாட்டுத் திறவுக்குறிகள் பிற உறுப்பு நாடுகளில் இயங்காதவாறு தடுத்ததற்காக, ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021 சனவரியில் 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இந்தியச் சட்டத்தின் நிலை

கணினி நிரலின் ஒரு படி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் அதனை விற்கும் உரிமை ஆக்கியோனிடமே இருக்கும் என்ற பொருளில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சில சொற்கள் இருந்தன. 1999 திருத்தம் அவற்றை நீக்கியது. 2021 மார்ச்சு 2 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இந்நீக்கத்துக்குப் பொருள் உண்டு என்றது. விற்ற படியைப் பொறுத்தவரை ஆக்கியோனின் விற்பனை உரிமை தீர்கிறது எனக் கொண்டது. அயல்நாட்டு மென்பொருளை வாங்கி விற்கும் வணிகர் செலுத்தும் தொகை பதிப்புரிமைக்கான ஊதியமன்று, பொருளுக்கான விலையே என்பது அவ்வழக்கின் முடிவு. அதற்கு முன் 2004இலேயே, டாடா கன்சல்டன்சி வழக்கில், பொதியாக விற்கும் மென்பொருள் வரிச்சட்டத்தின் கண்ணில் சரக்கே என்று அம்மன்றம் கூறியிருந்தது.

எனினும் இவை வரி வழக்குகள். இணை இறக்குமதி அங்கே வினாவாக எழவில்லை. உரிமையாளர் இசைவோடு வெளிநாட்டில் ஆக்கப்பட்ட படியை இறக்குமதி செய்வது மீறலாகாது என்னும் விதி 2010இன் திருத்த வரைவில் இடம்பெற்றது. 2012இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. வணிகக்குறி சார்ந்த ஒரு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் காட்டிய வழி இங்கு நினைக்கத்தக்கது. சாம்சங் அச்சுப்பொறிகளை வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விற்றவர்களை 2012இல் அம்மன்றம் தடுக்கவில்லை. ஆனால், இது இறக்குமதிப் பொருள், சாம்சங்கின் உத்தரவாதம் இதற்குக் கிடையாது, பொறுப்பு எம்முடையதே என்று கடையில் பளிச்சென எழுதிவைக்குமாறு ஆணையிட்டது.

அறத்தின் அளவுகோல்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறலாம். அறம் அவ்வாறு மாற இடமில்லை. மறுவிற்பனையாளரை மூன்று கேள்விகளால் அளக்கலாம். படி பெருகியதா? வாங்குபவரிடம் எதையேனும் மறைத்தாரா? அவர் தாண்டிய வேலி யாரைக் காத்து நின்றது?

முதற்கேள்வியிலேயே இன்றைய மலிவுச் சந்தையின் பெரும்பகுதி தோற்றுவிடுகிறது. இணையக் கடைகளில் உரிய விலையின் சிறு துளிக்குக் கிடைக்கும் திறவுக்குறிகள் பல, நிறுவனங்களுக்கென வழங்கிய மொத்த உரிமத்தின் குறிகள். ஒரு குறியே பலருக்கு விற்கப்படுகிறது. அளவு மீறியதும் மென்பொருள் நிறுவனம் அதனை முடக்குகிறது. திருடிய கடனட்டையால் வாங்கிய குறிகளின் கதை இன்னும் கொடிது. அட்டைக்குரியவர் முறையிட்டதும் வங்கி பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, ஆக்கியோன் விலையையும் இழந்து வங்கிக் கட்டணத்தையும் ஏற்கிறான். பேக்டோரியோ விளையாட்டை ஆக்கிய செக் நாட்டு வூப் நிறுவனத்தின் 198 குறிகள் இவ்வாறு முறைகேடாகப் பெறப்பட்டுத் தன் சந்தையில் விற்கப்பட்டதை ஜி2ஏ தளம் 2020இல் ஒப்புக்கொண்டு, இழப்பின் பத்து மடங்காக 39,600 டாலர் கொடுத்தது. இவற்றை இணை இறக்குமதி என்னும் பெயரால் அழைப்பது அப்பெயருக்கே இழுக்கு.

இரண்டாம் கேள்வி வாய்மை பற்றியது. மாணவர் பதிப்பை அலுவலகத்துக்கு விற்பதும், ஒரு கணினியோடு பிணைந்த உரிமத்தை முழு உரிமம் என்று சொல்லி விற்பதும் வாங்குபவரை ஏமாற்றுவன. மேம்பாடுகள் வருமா, கணினி மாறினால் உரிமம் உடன்வருமா, எந்நாட்டில் இயங்கும், பழுது வந்தால் யார் பொறுப்பு ஆகியவற்றை விற்கும் முன்பே சொல்ல வேண்டும். சொன்னபின் வாங்குபவர் குறைந்த விலைக்குக் குறைந்த வசதியை ஏற்றால் அது அவருடைய உரிமை. தில்லி நீதிமன்றத்தின் ஆணை அச்சுப்பொறிக்குச் சொன்னது மென்பொருளுக்கும் பொருந்தும்.

மூன்றாம் கேள்வியே கடினமானது. எளிய நாட்டில் விலை குறைவாக இருப்பது அந்நாட்டு மாணவரும் சிறுதொழிலாளரும் முறைப்படி வாங்க வேண்டும் என்பதற்காகவாயின், அங்கிருந்து அள்ளிச் செல்லும் வணிகர் அவர்கள் விலையை அரிக்கிறார். கசிவு பெருகினால், குறைந்த விலையைக் கைவிடுவதே நிறுவனத்துக்கு எளிய தீர்வு. 2023 நவம்பரில் ஸ்டீம் தளம் துருக்கி லிராவிலும் அர்ஜென்டினா பெசோவிலும் விலையிடுவதை நிறுத்தி டாலருக்கு மாறியது. நாணய மதிப்பின் தடுமாற்றமே அறிவிக்கப்பட்ட காரணம். ஆனால் அவ்விரு நாட்டுக் கணக்குகளைக் காட்டி மலிவாக வாங்கிய வெளிநாட்டார் பலர் இருந்தனர் என்பதும் விளையாட்டு உலகம் அறிந்ததே. புதிய விலையின் சுமை விழுந்ததோ அவ்விரு நாட்டு மக்கள்மேல்.

மறுபுறம், ஆஸ்திரேலியரின் நிலை வேறு. அங்கே வேலி காத்தது எளியோரின் குறைந்த விலையையன்று. செல்வ நாடு ஒன்றில் போட்டியின்மையால் நிலைத்த மிகைவிலையை. அதனைத் தாண்டி மலிவாகத் தந்தவர் எளியோர் எவரிடமிருந்தும் பறிக்கவில்லை. வேலி தாண்டியதே குற்றம் என்று இருவரையும் ஒரே கயிற்றில் கட்டுவதும், உரிய விலை கொடுத்தாயிற்று ஆகவே எல்லாம் முறையே என்று இருவரையும் விடுவிப்பதும் ஆராயாத முடிவுகள்.

விற்பனையே மறையும் காலம்

இதற்கிடையில் நிறுவனங்கள் வேறொரு வழியைக் கண்டன. 2013 மே மாதம் அடோபி நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்புகளை இனி நிலையான உரிமத்தில் தரப்போவதில்லை, திங்கள்தோறும் கட்டணம் செலுத்தும் முறையிலேயே தரும் என்று அறிவித்தது. பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். கட்டணம் நின்றால் மென்பொருளும் நிற்கும். கைமாற்றிக் கொடுக்க ஒன்றும் இராது. கால வரம்பற்ற உரிமம் என்ற அடித்தளத்தின்மேல் நின்ற ஆரக்கிள் தீர்ப்பு இங்கே எட்டாது. மறுவிற்பனையாளரின் நேர்மை பற்றிய வழக்கு முடியுமுன்பே அவர் விற்கும் சரக்கு சந்தையிலிருந்து மறையத் தொடங்கிவிட்டது.

சந்தா முறையைச் சட்டம் தடுக்க வேண்டுவதில்லை. வாடகையும் நேர்மையான வணிகமே. ஆனால் வாடகையை விற்பனை போலக் காட்டுவதைத் தடுக்கலாம். 2025 சனவரி 1 முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், பின்னர்ப் பறிக்கப்படக்கூடிய உரிமத்தை மட்டும் தரும் இணையக் கடை, அவ்வுண்மையைத் தெளிவாகச் சொல்லாமல் அதனை விற்பனை என்று விளம்பரப்படுத்தலாகாது என்கிறது.

விற்பனை எஞ்சியிருக்கும் இடத்திலோ ஐரோப்பிய நீதிமன்றத்தின் நெறியே தக்கது. முழு விலையைப் பெற்றுக்கொண்டு காலவரையற்ற பயன்பாட்டைக் கொடுத்த நிறுவனம், அந்த ஒரு படியின் பின்னே காலமெல்லாம் நடந்துகொண்டிருக்க உரிமை கோரலாகாது. எளிய நாட்டுக்கு உண்மையாகவே சலுகை விலை தருபவர், அச்சலுகை யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை வெளிப்படையாக எழுதிக் காக்கட்டும். அவ்வேலியைச் சட்டமும் மதிக்கட்டும். அத்தகைய விளக்கம் எதுவும் சொல்ல இயலாத விலை வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பு சட்டத்துக்கு இல்லை. அங்கே மறுவிற்பனையாளர் தம் வேலையைச் செய்யட்டும்.